‘பேய்ப் படத்துக்கு இது போதும்’ என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வரும் பேய்ப் படங்களை முதல் வாரமே தியேட்டரில் பார்த்துவிடும் ரசிகர்களுக்கும், அன்று மாலைக்குள் விமர்சனம் சொல்லிவிடும் விமர்சகர்களுக்கும்,

வணக்கம்.

2024 கோடையில் தமிழ் சினிமா எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். புதுப்படங்களுக்குக் கூட்டம் இல்லை. ஏப்ரலில் மறுபடி வெளியான ‘கில்லி’, இருபது வருடத்துக்கு முந்தைய படம், தியேட்டர்களை நிரப்பியது. மே மாதத் தொடக்கத்தில் ‘அரண்மனை 4’ என்ற பேய்ப் படம் வந்து ஓடியது. அதைப் பற்றி அப்போது நீங்கள் எழுதியதையும் பேசியதையும் மொத்தமாகச் சேர்த்தால் மூன்று வரிகளில் அடங்கிவிடும். தியேட்டர்காரர்கள் பிழைத்தார்கள். குடும்பத்தோடு பார்க்கலாம். மூன்றாம் பாகத்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

மூன்றும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இவற்றில் எதுவும் அது நல்ல பேய்ப் படமா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. தியேட்டர் பிழைத்தது வியாபாரச் செய்தி. குடும்பத்தோடு பார்க்கலாம் என்பது பெற்றோருக்கான தகவல். முந்தைய பாகத்தோடு ஒப்பிடுவதோ இன்னும் மோசம். ஒவ்வொரு பாகமும் கொஞ்சம் சரிந்தால், அடுத்த பாகம் தாண்ட வேண்டிய உயரமும் கூடவே சரிகிறது.

நான் குடும்பப் பார்வையாளர்களுக்கோ நகைச்சுவைக்கோ எதிரி இல்லை. தியேட்டரில் குழந்தைகள் கத்த, அம்மாக்கள் சிரிக்க, பின்வரிசையில் யாரோ விசிலடிக்க, ஒரு பேய்ப் படம் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் எனக்கும் தெரியும். 2014-இல் வந்த ‘யாமிருக்க பயமே’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதியில் ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக்கிப் பிழைக்கப் பார்க்கிறார்கள். தங்க வருகிறவர்கள் சாகிறார்கள். வெளியே போகவும் வழியில்லை. சிரிப்பு அந்த இக்கட்டிலிருந்தே வருகிறது, பயமும் அதிலிருந்தே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

நீங்கள் மன்னித்துவிடும் படங்களில் இது நடப்பதில்லை. அங்கே நகைச்சுவை தனி டிராக், பேய் தனி டிராக். பயமாக இல்லையே என்று கேட்டால், ‘இது காமெடிப் படம்ங்க’ என்கிறீர்கள். சிரிப்பு வரவில்லையே என்றால், ‘பேய்ப் படத்தில் அதெல்லாம் எதிர்பார்க்கலாமா’ என்கிறீர்கள். இரண்டும் இல்லையே என்றால், ‘ஃபிளாஷ்பேக்கில் நல்ல மெசேஜ் சொல்லியிருக்காங்களே’ என்று முடித்துவிடுகிறீர்கள். இப்படி மூன்று கதவுகளிலும் தப்பித்துவிடும் ஒரு படத்தை எந்த அளவுகோலை வைத்து அளப்பது?

அந்த மெசேஜ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2011-இல் ‘காஞ்சனா’ வந்தபோது அந்த ஃபிளாஷ்பேக்குக்கு எடை இருந்தது. சரத்குமார் மாதிரி ஒரு நட்சத்திரம் திருநங்கையாக நடித்தார். அந்தப் பாத்திரத்துக்குக் கண்ணியம் இருந்தது, கோபத்துக்குக் காரணம் இருந்தது. தியேட்டரில் அந்தக் காட்சிகளுக்குக் கைதட்டல் விழுந்தது. அதைப் பாராட்டியது நியாயம்தான். ஆனால் அந்தப் பாராட்டை நாம் அடுத்து வந்த படங்களுக்கெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு பெண், நிலத்தையோ மானத்தையோ பறித்த ஒரு கூட்டம், கடைசி இருபது நிமிடத்தில் பழிவாங்கல், கிளைமாக்ஸில் ஒரு அம்மன் பாட்டு. இது இருந்தால் போதும், முதல் பாதியில் என்ன இருந்தாலும் சரி. குண்டாக இருப்பவரையும் கறுப்பாக இருப்பவரையும் கேலி செய்யலாம். நாயகியை வெறும் பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இருட்டுக்குப் பயந்த நாயகன் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்வதை ஒவ்வொரு பாகத்திலும் திரும்பக் காட்டலாம். ஒரு பெண்ணின் சாவைக் காரணம் காட்டி இதையெல்லாம் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது, அந்தச் சாவுக்கும் மரியாதை இல்லை.

‘வெகுஜனப் படம்னா இப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே 2009 நினைவுக்கு வரும்.

அந்த ஒரே வருடத்தில் ‘யாவரும் நலம்’, ‘ஈரம்’ இரண்டும் வந்தன. இரண்டுமே வெகுஜனப் படங்கள். ஒன்றில் மாதவன் நாயகன், இன்னொன்று இயக்குநர் ஷங்கரின் நிறுவனம் தயாரித்தது. ‘யாவரும் நலம்’ படத்தில் பாழடைந்த மாளிகை இல்லை. கடன் வாங்கி வாங்கிய புது ஃபிளாட். பால் திரிந்துபோகிறது. பூஜையறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. வீட்டுக்குள் எடுத்த போட்டோவில் நாயகன் முகம் மட்டும் கோணலாக விழுகிறது. லிஃப்ட் அவன் தனியாக ஏறினால் நகராது. அப்புறம் அந்த சீரியல். வீட்டுப் பெண்கள் தினமும் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்க்கும் சீரியலில் அவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கிறது. நம் வீடுகளில் அந்த நேரத்தில் டிவி ஓடுவது எவ்வளவு சாதாரணம்! அந்தச் சாதாரணத்துக்குள் இயக்குநர் விக்ரம் குமார் பயத்தை வைத்தார். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் லிஃப்டில் தனியாக ஏறும்போது ஒரு நொடி யோசித்தார்கள்.

‘ஈரம்’ தண்ணீரை எடுத்துக்கொண்டது. குளியல் தொட்டி, மழை, தரையில் ஊரும் ஈரம் என்று நாம் தினமும் தொடுகிற ஒன்று மெல்ல மெல்ல மிரட்ட ஆரம்பிக்கிறது. அதைவிட முக்கியம், அந்த அபார்ட்மென்ட்டில் ஒரு பெண்ணைப் பற்றிப் பரவும் பேச்சு. இயக்குநர் அறிவழகன் காட்டிய உண்மையான பேய் அந்த வாய்கள்தான் என்று நான் இன்னும் நினைக்கிறேன். மெசேஜ் வேண்டும் என்கிறவர்கள் அங்கே பாருங்கள். யாரும் நின்று வசனம் பேசவில்லை. சந்தேகம் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது படத்தின் பயத்துக்குள்ளேயே கரைந்திருக்கிறது.

ரசிகர்களுக்கு முதலில். நீங்கள் ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. பேய்ப் படம் என்றாலே மட்டம் என்று நினைத்தவர்கள் நடுவில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். ‘இதெல்லாம் ஒரு படமா’ என்று கேட்டவர்களிடம் சண்டை போட்டுப் பழகியவர்கள். அதனால் நம் வகைப் படம் ஒன்று ஓடினால் மொத்த வகையும் ஜெயித்த மாதிரி தோன்றுகிறது. குறை சொன்னால் தயாரிப்பாளர்கள் எடுப்பதையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? 2014, 2015-க்குப் பிறகு பேய்ப் படங்கள் வரிசை கட்டி வந்தன. பாதிக்கு மேல் ஒரே அச்சு. ‘இன்னொரு பேய்ப் படமா?’ என்று ஜனங்கள் சலித்துக்கொண்டபோது, அந்தச் சலிப்பின் அடி விழுந்தது அச்சில் வார்க்காத படங்கள் மேல்தான். நாம் பாதுகாத்ததாக நினைத்தது இந்த வகையை அல்ல, அதன் நகல்களை.

விமர்சகர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாராளம் எனக்கு அன்பாகத் தெரியவில்லை, அலட்சியமாகத் தெரிகிறது. ஒரு குடும்பப் படத்தில் திரைக்கதை எங்கே தொய்கிறது என்று நிமிடக் கணக்கில் சொல்கிறீர்கள். ஒரு போலீஸ் படத்தில் லாஜிக் ஓட்டைகளை எண்ணுகிறீர்கள். பேய்ப் படம் வந்தால் ‘லாஜிக் பார்க்காமல் போனால் டைம் பாஸ்’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். இந்த வகைப் படத்துக்கு மூளை செலவழிக்கத் தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பேய் உலகத்துக்கும் லாஜிக் உண்டு. அது எதைத் தொடும், எதைத் தொடாது, யாரை விடும், ஏன் இப்போது வந்தது என்பதில் படம் தன் விதியைத் தானே மீறினால், அந்த நிமிடமே பயம் போய்விடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏ’ சான்றிதழ் வாங்கினால் அந்தப் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. சாட்டிலைட் உரிமைப் பணம் அடிபடும். ஜி.எஸ்.டி வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளில், தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்குக்கே ‘யு’ சான்றிதழ் தேவைப்பட்டது. பயத்தைக் குறைத்து, சிரிப்பைக் கூட்டி, குழந்தைகளுக்கும் விற்பதற்கு இது போதுமான காரணம். தயாரிப்பாளர் அந்தக் கணக்கைப் போடட்டும், அது அவர் பணம். விமர்சகருக்கும் ரசிகருக்கும் அந்தக் கணக்கில் என்ன பங்கு? நாம் ஏன் அவருடைய கணக்குப்பிள்ளையாகப் பேச வேண்டும்?

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. பெரிய படத்துக்கு இத்தனை சலுகை கொடுக்கும் நாம், சிரத்தையோடு எடுத்த படத்திடம் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. ‘மாயா’ மாதிரி, ‘அவள்’ மாதிரி, ‘கேம் ஓவர்’ மாதிரி படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘ஸ்லோ’, ‘லேக்’, ‘கிளைமாக்ஸ் புரியல’ என்ற சொற்கள் எவ்வளவு சீக்கிரம் வருகின்றன! அமைதிதான் பயத்தின் பாதி வேலையைச் செய்கிறது. ஷாட் நீளும்போது கண் தானாகவே திரையின் மூலைகளைத் தேடும், கதவிடுக்கைப் பார்க்கும், நாயகியின் தோளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைப் பார்க்கும். அங்கே எதுவும் இல்லாவிட்டாலும் மனம் எதையாவது வைத்துவிடும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் ‘லேக்’ என்கிறோம். மாறாக, சத்தத்தை நிறுத்தி, திடீரென்று பிஜிஎம்மை அலறவிட்டு ஒரு முகத்தைக் காட்டினால் எல்லோரும் துள்ளுவார்கள். அது உடம்பு தானாகச் செய்யும் வேலை. எதிர்பாராத நேரத்தில் குக்கர் விசிலடித்தாலும் அதேதான் நடக்கும். இப்படித் துள்ளியதை எண்ணி ‘பல இடங்களில் மிரட்டுகிறது’ என்று எழுதுவதை மட்டுமாவது நிறுத்துங்கள்.

அரண்மனை 4 வந்த அதே வருடம் பிப்ரவரியில் மலையாளத்தில் ‘பிரமயுகம்’ வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை, விரல் விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்கள், நடுவில் மம்மூட்டி. அதுவும் தியேட்டரில் ஓடியது. கேரளத்து ரசிகன் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. நான்கு நண்பர்களை ஓர் அறையில் அடைத்த ‘டிமான்ட்டி காலனி’யையும், பழிவாங்க வராத ஒரு பேயைக் காட்டிய ‘பிசாசு’வையும் நம் ஜனங்கள்தான் தியேட்டரில் பார்த்தார்கள். நம் ரசனைக்கு அது எட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான் கேட்பது நட்சத்திர மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி அல்ல. அடுத்த பெரிய பேய்ப் படம் வரும் வெள்ளிக்கிழமை, தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டுகிறவர்கள் ‘படம் எப்படி’ என்பதற்குப் பதிலாக ‘எந்தக் காட்சியில் பயந்தீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் அதே கேள்வியை உங்களிடமே கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். சத்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு காட்சிகூட நினைவில் நிற்கவில்லை என்றால், வசூல் எவ்வளவு வந்திருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். அதே மாதத்தில் ஒரு சின்னப் படம் ஒரே ஒரு காட்சியிலாவது உங்களை உண்மையாக நடுங்க வைத்திருந்தால், அந்தக் காட்சியைப் பெயர் சொல்லி, இரண்டு பத்தி எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு தியேட்டருக்குப் போக என்னைப் போல நிறையப் பேர் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஒரு பேய்ப் பட ரசிகை