விலிவிலிப் பலகையும் நம்மூர் முருக்கும்

மக்கா செல்லப்பா,

உன் கடிதம் வந்தது. பட்டறையை மூத்தவன் ஏற்றுக்கொண்டதில் உன்னைவிட எனக்குத்தான் நிம்மதி. முட்டுவலியோடு இனி நீ இழைப்புளி பிடிக்க வேண்டாம், நாற்காலியில் இருந்து குறை சொன்னால் போதும். அதில் உனக்கு நல்ல பழக்கம் உண்டு. இங்கே ஹவாய்த் தீவில், ஹொனலூலுவில் மகளும் பேத்தியும் சுகம். எனக்கும் சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது. அன்னாசி கண்ணில் பட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம்.

உனக்கென்று எடுத்துவைத்த சேதி ஒன்று, மரத்தைப் பற்றியது. அலைமேல் பலகை போட்டு நின்றுகொண்டே வருகிறார்களே, சர்ஃபிங், டிவியில் பார்த்திருப்பாய். இப்போது அந்தப் பலகை பெரும்பாலும் ஃபோமும் ஃபைபர் கிளாசும்தான். இந்த ஊர்ப் பழைய ஆட்கள் அதை மரத்தில் செதுக்கினார்கள். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங், 1779-இல் கியலகெகுவா விரிகுடாவில் ஜனங்கள் பலகையோடு அலையில் பாய்வதைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆண், பெண், பிள்ளை என்று எல்லாரும் இங்கே ஆடிவந்த ஆட்டம் அது.

மரம் வெட்டினால் அடிவேர்க் குழியில் குமு என்கிற சிவப்பு மீனை வைத்து, மந்திரம் சொல்லி மூடுவார்களாம். அப்புறம் கல்வாய்ச்சியால் கொத்தி உருவாக்குவார்கள். இரும்பு கிடையாது, நினைத்துப் பார். உப்புத்தாள் வேலைக்குப் பவளக்கல். பிறகு குகுய் என்கிற எண்ணெய்க் கொட்டையைச் சுட்ட கரியைப் பூசிக் கறுப்பாக்கி, அதே கொட்டையின் எண்ணெயைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். கடலாடி வந்ததும் காயவைத்து, எண்ணெய் போட்டு, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வைப்பார்கள். உன் பட்டறையில் உளிக்குக்கூட அந்த மரியாதை இல்லை.

எல்லாருக்கும் உள்ளது அலையா என்கிற மெல்லிய பலகை. அதற்குப் பெரும்பாலும் கோவா மரம், நம் வேல மரத்துச் சாதி, சீமைப்பலாவும் ஆகும். தலைவர்களுக்குத்தான் ஓலோ. 14 அடி, 16 அடி என்று நீளும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். உடைந்து சுருளும் அலைக்கு அது சரிப்படாது, பொங்கி நெடுந்தூரம் ஓடிவரும் அலைக்குத்தான் ஏற்றது. அந்த ராஜபலகைக்கு எடுத்த மரம் என்ன தெரியுமா? விலிவிலி. நம் முள்முருக்கின் கூடப்பிறந்தது! தீப்பெட்டிக்கும் வேலிக்கும் தவிர ஆகாது என்று நீ ஒதுக்குகிற மரத்தை இங்கே அரச குடும்பம் தேடிப்போய் எடுத்திருக்கிறது. மிதப்புக்கு அதுபோல வராது.

பிறகு எல்லாம் குலைந்தது. 1819-இல் கபு என்கிற பழைய மதக் கட்டுப்பாட்டு முறையை இவர்களே கைவிட்டார்கள். அதோடு திருவிழாக்களும் போயின. மறு வருஷம் மிஷனரிமார் வந்தார்கள். அரைகுறை உடையில் ஆணும் பெண்ணும் அலையில் ஆடுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் போடுவது சரியல்ல என்றே எனக்குப் படுகிறது. வெளியிலிருந்து வந்த நோய்கள் ஊர் ஊராகக் கொண்டுபோயின. ஆட ஆள் வேண்டாமா?

அபனர் பாகி என்ற தலைவரின் ஓலோ பலகைகள் மட்டும் பிஷப் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 கிலோ. அவர் மகள் பெர்னீஸ் பௌவாஹியின் நினைவாகக் கணவர் 1889-இல் தொடங்கியதுதான் அந்த அருங்காட்சியகமே. 1920-களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் அந்தப் பலகைகளைச் சீர்படுத்திக் கொடுத்தார். அதே வடிவில் தனக்கும் ஒன்று செய்ய முயன்றவர், கனத்தைக் குறைக்கப் பலகை முழுக்க நூற்றுக்கணக்கில் துளை போட்டு, மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டி மூடினார். உள்ளே காற்று! அந்த வழியில் போய்க் கூடுபலகை செய்து 1932-இல் காப்புரிமையும் வாங்கினார். அடியில் துடுப்பு மாதிரி ஒரு தகடு வைத்ததும் அவர்தான், 1935-இல். அதுவரை பலகைக்கு அடியில் ஒன்றுமே கிடையாது. காலை நீரில் இழுத்தும் உடம்பைச் சாய்த்தும்தான் திருப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்று, 2005-இல் ஒரு சின்னக் குளவி வந்து இந்த விலிவிலியை மொட்டையடித்துவிட்டது. இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி மரம் பட்டுப்போகும். அந்தச் சமயத்தில்தானே கேரளத்தில் மிளகுக்கொடி ஏற்றிய முருக்கும் இலை சுருண்டு பட்டது? இரண்டு இடத்திலும் அதே குளவிதான். இங்கே 2008-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அதற்கொரு எதிரிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், மரங்கள் தேறிவருகின்றன.

நான் வருவதற்குள் நன்றாகக் காய்ந்த முருக்குத் துண்டு ஒன்று, மூன்றடி இருந்தால் போதும், எடுத்துவை. பேத்திக்கு ஒரு பொம்மைப் பலகை செய்ய வேண்டும். குகுய் எண்ணெய்க்குப் பதில் புன்னை எண்ணெய் போட்டால் அந்தப் பஞ்சு மரம் எவ்வளவு குடிக்கும், முதலில் ஏதாவது பூசி அடைக்க வேண்டுமா என்று பதிலில் எழுது. தங்கம்மையிடம் விசாரித்ததாகச் சொல்.

உன்,
தாணு