ஸ்பானரை என் கையிலேயே விட்டவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நானே கழற்றிப் பழுதுபார்த்த அந்தப் பழைய ரேஸ் சைக்கிள் ஓடுகிறது. நேற்று மாலை முதல் ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறது, கியர் மாறுகிறது, சீட் வேண்டிய உயரத்தில் நிற்கிறது. கை நடுக்கம் அடங்குவதற்குள் உங்களுக்கெல்லாம் நன்றி எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சீட்டைத் தாங்கும் தண்டு சட்டத்தின் குழாய்க்குள் இறுகி மாட்டிக்கொண்ட கதையை மறுபடியும் விரிக்கப்போவதில்லை. உங்களில் சிலர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். மற்றவர்கள் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருப்பீர்கள். எஃகுச் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டு, நடுவில் ஒரு துளி கிரீஸ் இல்லை, ஆண்டுக்கணக்கில் இறங்கிய வியர்வையும் மழைநீரும். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கிறது. இடம் இல்லாத குழாய்க்குள் அது செய்த வேலைதான் நாம் எல்லோரும் பட்ட பாடு.

இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், நமக்கெல்லாம் பெரியவர். அன்று வெறுமனே எட்டிப் பார்க்க வந்தவர் அவர். உதவி என்று நான் கேட்கவே இல்லை.

அவர் செய்தது இவ்வளவுதான்: என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். புதிதாக ஒரு கைவேலையில் இறங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நட்டு இறுக்கம் காட்டினால் போதும், அருகில் நிற்பவருக்குக் கை துறுதுறுக்கும். "கொடும்மா, நான் பார்க்கிறேன்." பெண் கையில் ஸ்பானர் இருந்தால் அந்தக் குரல் இன்னும் சீக்கிரம் வரும். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நட்டு கழன்று என் உள்ளங்கைக்கு வரும்போது, அது எப்படிக் கழன்றது என்பது மட்டும் அவரோடு போய்விடும். அடுத்த முறையும் நான் அவரைத்தான் தேட வேண்டும்.

பெரியவர் வந்தபோது நான் இடது பெடலில் ஸ்பானரை மாட்டிக்கொண்டிருந்தேன். "எந்தப் பக்கம் திருப்பப் போகிறாய்?" என்றார். தெரியவில்லை என்றேன். விடை சொல்வார் என்று காத்திருந்தால், சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். "இடது கையை மூடி, அதற்குள் இதைத் தளர்வாகப் பிடி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மற்றக் கையால் வட்டமாகச் சுற்று."

சுற்றினேன். முனை கடிகாரத் திசையில் போனது. கைக்குள் பென்சிலோ எதிர்த் திசையில் உருண்டது. நம்பாமல் மாற்றிச் சுற்றினேன். பென்சிலும் மாறி உருண்டது.

"மிதிக்கிற பாரம் பெடல் அச்சை, அது மாட்டியிருக்கும் கிராங்க் கையின் துளைக்குள் இப்படித்தான் உருட்டுகிறது" என்றார். மேற்கொண்டு விளக்கவில்லை, நானே கோர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வலது பெடலுக்கு வழக்கமான மரை (கடிகாரத் திசையில் இறுகும் திருகுப் புரி), இடது பெடலுக்கு இடது மரை, அதாவது எதிர்த் திசையில் இறுகுவது. மிதிக்க மிதிக்க இரண்டும் இறுகும், கழலாது. அப்படியானால் இடது பெடலைக் கழற்றக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். ஸ்பானரைப் பிடித்து அந்தப் பக்கம் அழுத்தினேன். முதலில் அசையவில்லை, பிறகு ஒரு முனகலோடு இளகியது. (இடது பெடலுக்கு இடது மரை போட்ட பெருமையை 1900-ஆம் ஆண்டு வாக்கில் சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்த ரைட் சகோதரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். விமானத்துக்கு முன்பே என் பெடலைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.)

சீட் தண்டுக்கும் அதே நடைமுறைதான். மரை நெகிழ்த்தும் எண்ணெயை ஊற்றி இரவெல்லாம் ஊறவைத்த பிறகு, சக்கரங்களைக் கழற்றிய சட்டத்தைத் தலைகீழாக்கி, தண்டின் தலையை மேசையில் பொருத்திய வைஸ் என்ற இடுக்கியில் இறுக்கச் சொன்னார். "இனி தண்டைத் திருப்பாதே, சட்டத்தைத் திருப்பு. அதன் நீளமே உனக்கு நெம்புகோல்." இதற்காவது அவர் கை கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சீட் குழாய் பிணையும் இடத்தில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார். "நீ தள்ளு. குழாய் முறுக்கிக்கொண்டால் எனக்குக் கையில் தெரியும், நிறுத்தச் சொல்கிறேன். வெட்டி இழுக்காதே, ஒரே சீராகத் தள்ளு."

தள்ளினேன். எதுவும் நடக்கவில்லை. "எதிர்ப்பக்கம்." எதிர்ப்பக்கம் தள்ளினேன். எதுவும் நடக்கவில்லை. கை ஓய்ந்து நான் நின்றபோதெல்லாம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். "பரவாயில்லை" என்றோ "விடு, நான் செய்கிறேன்" என்றோ ஒரு சொல் வரவில்லை. நான் எழுந்தால் அவரும் எழுந்து வந்து குழாயில் கையை வைப்பார். கடைசியில் பலகை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. சட்டம்தான் போய்விட்டது என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, விளிம்பில் உதிர்ந்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டுக் காட்டினார். தண்டு ஒரு முடியளவு திரும்பியிருந்தது. பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுநடுவே எண்ணெய். தண்டு முழுதாக வெளியே வந்ததும் நான் கூச்சலிட்டேன். அவர் டார்ச்சை வாங்கிக் குழாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே சுத்தம் செய்ய வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

என்னைவிட அவர் பத்து மடங்கு விரைவாக அதை எடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்த வேலையைத் தெரியாதவர் தடுமாறிச் செய்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஐயா, அந்தப் பொறுமைக்கு நன்றி. உங்கள் பென்சில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கேட்டாலும் தரமாட்டேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெர்னியர் காலிப்பரை இரவல் கொடுத்த தோழி: சீட் தண்டுகள் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசத்தில்கூட வருகின்றன, 26.8-க்கும் 27.2-க்கும் நடுவில் கண்ணளவு செல்லாது என்று நீ சொல்லியிராவிட்டால் இன்னொரு தண்டும் மாட்டியிருக்கும். 27 அங்குல டயரும் 700 சி டயரும் ஒன்றல்ல, ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் ஒன்றுக்கு 630, மற்றதற்கு 622 மில்லிமீட்டர் என்று வாங்குவதற்கு முன்பே தடுத்தவர். பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பக்கத்துக்கு 9 பேரிங் குண்டு என்று எண்ணி, மாத்திரை உறையில் போட்டுக் கொடுத்தனுப்பியவர். செயினில் 12 அங்குலம் இருக்க வேண்டிய ஒரு பகுதியின் நீளம் தேய்ந்து அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றிவிடு என்று ஸ்கேலோடு வந்து காட்டியவர். என் கண்முன்னே சக்கரத்தின் கோட்டம் எடுத்து, எந்தக் கம்பியை ஏன் முறுக்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்த மெக்கானிக். "பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்றவர்களுக்கும் நன்றி. அந்த ரோஷம் இல்லாமல் இந்தப் பழைய ரேஸ் சைக்கிள் எழுந்திருக்காது.

சீட் தண்டை இப்போது கிரீஸ் பூசித்தான் இறக்கியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துத் துடைத்துப் போடுவதாக உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன். வாங்கிச் சேர்த்த கோன் ஸ்பானர்கள், ஃப்ரீவீல் கழற்றி, செயின் பின் தள்ளும் கருவி எல்லாம் என் வீட்டில் சும்மாதான் கிடக்கின்றன. பழைய சைக்கிளில் கை வைக்க நினைப்பவர்கள் தயங்காமல் எடுத்துப்போகலாம், சைக்கிளோடு இங்கேயே வந்தாலும் சரி. கழற்றிக் கொடுக்கும்படி மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

நன்றியுடன்,
நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகாத உங்கள் தோழி