எங்கள் காப்பகத்தை மூடவிடாதவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், செல்லூர் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

நானும் என் மாமியாரும் வாடகை வீட்டில் நடத்தும் குழந்தைகள் காப்பகம் இன்று திறந்திருக்கிறது என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். இதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச்சில் பூட்டினோம். மழலையர் பள்ளிகளும் விளையாட்டுப் பள்ளிகளும் திறக்கலாம் என்று அரசு அனுமதி தந்தது 2022 பிப்ரவரி 16 முதல்தான். மற்ற வகுப்புகளெல்லாம் திறந்த பிறகு கடைசியாக வந்த முறை எங்களுடையது. பள்ளிக்கூடம் திறந்தால் அதே பிள்ளைகள் ஒரு வகுப்பு ஏறி வருவார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. பூட்டும்போது இரண்டு வயதாக இருந்த பிள்ளைக்குத் திறக்கும்போது நாலு வயது. நேரே எல்கேஜிக்குப் போய்விட்டது. இரண்டு வயதுக் குழந்தையைப் போனில் பார்த்துக்கொள்ளவும் முடியாது. வருமானம் நின்றது, வாடகையும் சம்பளமும் நிற்கவில்லை.

வீட்டுக்கார ஐயா முதல் மாதமே கீழே இறங்கி வந்து, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்மா, சாவியை மட்டும் குடுத்துராதீங்க" என்றார். அட்வான்ஸ் தீர்ந்த பிறகும் அவர் வாடகை கேட்கவில்லை. ஐயா, அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் தூங்கினோம்.

கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் வரை சலுகை கொடுத்தபோது நிம்மதி என்று நினைத்தோம். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு குழந்தையின் அப்பாதான் போன் செய்து, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், வட்டியையாவது கட்டிவிடுங்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சார், நீங்கள் சொல்லாவிட்டால் கடன் எங்களை அமுக்கியிருக்கும்.

ஆயாம்மாவுக்கு எப்படி நன்றி சொல்ல? 2020 ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு. பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கச்சிக்கு லீவு கிடையாது. அடுத்த தெருதானே என்று ஆயாம்மா அவர் வீட்டுக்கே போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, கை கால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவாராம். எங்களால் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. ஒரு சொல் குறையாகப் பேசியதில்லை.

அப்புறம், பிள்ளை வராமலே பாதிக் கட்டணம் அனுப்பிய பெற்றோர்கள். உங்களில் ஜவுளிக்கடையில் நிற்பவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்போது பணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். திறந்ததும் வேலையிடத்தில், தெருவில் சொல்லிச் சொல்லிப் புதுப் பிள்ளைகளை அனுப்பியதும் நீங்கள்தான்.

அந்தப் பணம் முழுவதையும் பெயர் பெயராக என் மாமியார் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தம்பி, தங்கை சேரும்போது கட்டணத்தில் கழித்துக்கொள்வோம். சேர்க்கப் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பணமாகத் தருவோம். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
காப்பகத்து அக்காவும் அப்பத்தாவும்,
செல்லூர், மதுரை