கொலராடோ ஷெரிஃப்களுக்கு: ஆணை வந்தபின் கதவைத் தட்டுவது யார்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மாவட்டம் போன்ற கவுண்டிகளின் காவல் தலைவர்களான ஷெரிஃப்களுக்கு வணக்கம்.

தனக்கோ பிறருக்கோ பெருந்தீங்கு செய்யக்கூடியவர் என்று நீதிமன்றம் கண்டவரின் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜாரெட் போலிஸ் 2019 ஏப்ரலில் கையெழுத்திட்டார். 2020 ஜனவரி 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஊர்வழக்கில் ரெட் ஃபிளாக், அதாவது அபாயச் சிவப்புக்கொடிச் சட்டம். உங்கள் 64 கவுண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. நிறைவேற்றுவதைவிடச் சிறைக்குப் போவேன் என்றே வெல்ட் கவுண்டி ஷெரிஃப் சொன்னார்.

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பெரிதா சிறிதா என்று வாதாட இதை எழுதவில்லை. மனு, ஆணை, பறிமுதல், திருப்பித் தருதல் என்ற நான்கு படிகளில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை சட்டப் புத்தகத்தில் இல்லை. உங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இருக்கின்றன.

முதலில் மனு. குடும்பத்தாரும் மனுப் போடலாம், காவல்துறையும் போடலாம். 2023 முதல் மாவட்ட அரசு வழக்கறிஞர், மருத்துவர், மனநல நிபுணர், ஆசிரியர் ஆகியோரும் போடலாம். அப்படியிருக்க எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். காரணம் நடைமுறையில் இருக்கிறது. காவல் அதிகாரி மனுப் போட்டால், அதோடு சேர்த்துச் சோதனை வாரண்டுக்கான பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்கிறார். மனைவியோ தந்தையோ போட்டால் அந்த வாரண்ட் தானாக வருவதில்லை. "துப்பாக்கி எதுவும் இல்லை" என்று வாசலில் நின்று எதிர்மனுதாரர், அதாவது யார்மேல் மனுப் போடப்பட்டதோ அவர், சொல்லிவிட்டால், கையில் காகிதம் இருந்தும் வேலை அங்கேயே நின்றுபோகும். வீட்டார் எழுதும் மனுக்களும் பல நேரம் "அவர் ஆபத்தானவர், பயமாயிருக்கிறது" என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. நீதிபதிக்கு வேண்டியது தேதி, சொன்ன சொல் அப்படியே, குறுஞ்செய்தியின் படம், எத்தனை துப்பாக்கி, என்ன வகை, அலமாரியிலா வண்டியிலா என்ற விவரம். அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு கிடையாது, 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே மனுவில் உள்ள அந்தப் பட்டியல்தான் வாசலில் நிற்கும் உங்கள் அதிகாரிக்கு ஒரே வழிகாட்டி. இதை எழுதத் தெரிந்தவர் துயரத்தில் இருக்கும் தாய் அல்ல, உங்கள் அதிகாரி.

இங்கேதான் எல் பாசோ கவுண்டி அலுவலகம் வகுத்த விதி எங்களைக் கவலைப்படுத்துகிறது. அவசர நிலை இருந்து, குற்றம் நடந்திருப்பதற்கோ நடப்பதற்கோ போதிய முகாந்திரமும் இருந்தாலொழிய அலுவலகம் மனுப் போடாது என்றது அது. குற்றம் நடந்துவிட்டால் கைது செய்ய வேறு சட்டம் இருக்கிறது. இந்தச் சட்டம் இருப்பதே அதற்கு முந்தைய நாளுக்காகத்தான். தற்கொலைக்கு முயல்பவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. உங்கள் மாநிலத்தில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். அந்த விதிப்படி இவர்களில் குற்றம் எதுவும் செய்யாத ஒருவருக்குக்கூட மனுப் போட முடியாது. இதே போன்ற சட்டம் 1999 முதல் உள்ள கனெக்டிகட்டில் நடந்த ஆய்வு, 10 முதல் 20 பறிமுதல்களுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்படுவதாகக் கணித்தது. அதே எல் பாசோ கவுண்டியில்தான் 2022 நவம்பர் 19 இரவு கிளப் கியூ என்ற இரவு விடுதியில் 5 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் 2021 ஜூனில் வெடிகுண்டு மிரட்டலுக்காகக் கைதானவர். அவர்மேல் இந்தச் சட்டத்தின்கீழ் யாரும் மனுப் போட்டிருக்கவில்லை.

பொய் மனு வரும் என்ற உங்கள் அச்சத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. சட்டம் வந்த முதல் மாதமே லாரிமர் கவுண்டியில் ஒருவர், தனக்கும் ஒரு காவலருக்கும் குழந்தை இருப்பதாகப் பொய் சொல்லி, குடும்பத்தார் என்ற பெயரில் அந்தக் காவலர்மேல் மனுப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, பொய்ச் சத்தியத்துக்காக அவர்மேலேயே வழக்கும் பாய்ந்தது. இடைக்கால ஆணை கிடைத்தாலும் 14 நாளுக்குள் முழு விசாரணை உண்டு. அங்கே தெளிவான, நம்பத்தக்க சாட்சியம் வேண்டும். எதிர்மனுதாரருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. ஆணை 364 நாள்தான், நடுவில் ஒருமுறை அதை நீக்கச் சொல்லியும் கேட்கலாம்.

ஆணையைக் கையில் கொடுக்கும் வேலை ஆபத்தானது என்று சொல்கிறீர்களே, அது முழு உண்மை. 2018 நவம்பரில் மேரிலாந்தின் ஆன் அருண்டெல் கவுண்டியில், விடிவதற்கு முன் ஐந்தேகால் மணிக்கு இப்படியொரு ஆணையோடு போலீஸ் கதவைத் தட்டியது. உள்ளே இருந்தவர் துப்பாக்கியோடு கதவைத் திறந்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். அரைத்தூக்கத்தில் இருப்பவரை இருட்டில் எழுப்புவதுதான் அங்கே நேர்ந்த பிழை. பகலில் போக வேண்டும். அதைவிட நல்லது, அவர் வீட்டுக்கு வெளியே, துப்பாக்கிக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது கொடுப்பது. இரண்டு அதிகாரிகளுக்குக் குறையாமல் போக வேண்டும், மனநலப் பணியாளர் ஒருவர் கூட இருந்தால் பாதிச் சூடு தணியும். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தையும் அப்போதே வாங்க வேண்டும். வண்டி, வேலையிடம், நண்பர் வீடு ஆகியவற்றைக் கேட்காமல் திரும்பக் கூடாது.

வாங்கும் இடத்திலேயே தோட்டாவை இறக்க வேண்டும். கைத்துப்பாக்கியில் மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, முதலில் கழற்றி, பிறகு மேலுள்ள ஸ்லைடை இழுத்துக் குழலடியில் தோட்டா இருக்கும் அறையைக் காலி செய்ய வேண்டும். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது அறைக்குள் ஏறும், பார்ப்பவர் காலி என்று நம்புவார். ரசீதில் தயாரிப்பு, மாடல், வரிசை எண், இருந்த கீறல்கள், தொலைநோக்கிக் கண்ணாடி உட்பட எல்லாம் எழுதி எதிர்மனுதாரருக்கு ஒரு படி தர வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஈரமான அறையில் ஓராண்டு போட்டால் குழலில் துரு ஏறும், கட்டையில் வடு விழும். திருப்பித் தரும் நாளில் அந்தத் துருதான் பேசும். அரசு என் பொருளை நாசமாக்கியது என்று அவர் சொல்வது நியாயமாகிவிடும். திரும்பத் தரும்போது பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம், அதைக் காரணம் காட்டி இழுத்தடிப்பது தவறு. இடமில்லை என்பது உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு நிதி கேளுங்கள், உங்களோடு நின்று நாங்களும் கேட்போம். கவுண்டித் தீர்மானங்கள் சிலவோ இதற்கென ஒரு டாலரும் செலவிடக் கூடாது என்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பேச முடியாது.

இந்தச் சட்டம் தாங்கியிருக்கும் பெயர், 2017ஆம் ஆண்டின் கடைசி நாளில் டக்ளஸ் கவுண்டியில் சுட்டுக் கொல்லப்பட்ட உங்கள் துறையின் துணை அதிகாரி சக்காரி பாரிஷுடையது. சட்டத்துக்காக வாதாடியவர் அவருடைய ஷெரிஃப் டோனி ஸ்பர்லாக். அதே கவுண்டியின் காசில் ராக் ஊரில் 1999இல் ஒரு தாய், கணவருக்கு எதிரான தடையாணை கையில் இருக்க, அவர் கூட்டிப்போன மூன்று மகள்களைத் தேடச் சொல்லி இரவெல்லாம் போலீஸைக் கெஞ்சினார். விடியுமுன் குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஆணையைக் காவல்துறை அமல்படுத்தியாக வேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியல் சாசன உரிமை இல்லை என 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உங்களை வழக்கிலிருந்து காக்கும். கதவுக்கு உள்ளே இருப்பவர்களை அது காக்காது.

ஆகவே, குற்றம் நடந்திருந்தால்தான் மனு என்ற வரி உங்கள் கையேட்டில் இருந்தால் அதை நீக்குங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் மனு எழுதத் தெரிந்த ஓர் அதிகாரியாவது இருக்கட்டும். குடும்பத்தார் மனுவில் ஆணை வந்தால், ஒப்படைக்கவில்லை என்று அறிந்த அன்றே வாரண்டுக்கான பிரமாணப் பத்திரத்தை உங்கள் அலுவலகமே தாக்கல் செய்யட்டும். சட்டத்தை எதிர்த்து வாக்களியுங்கள், நீதிமன்றத்துக்கும் போங்கள். அதுவரை, நீதிபதி கையெழுத்திட்ட ஆணையை எடுத்துப்போய்க் கொடுங்கள்.