ஒழுங்காகக் கடை நடத்துகிறவனுக்குத் தொல்லை இல்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலை செய்ய அனுமதி இல்லாத குடியேறிகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளைத் தண்டிக்கும் அரிசோனா மாநிலச் சட்டம் பற்றிய சென்ற இதழின் கட்டுரையில், 'ஒழுங்காகக் கடை நடத்துகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தால் ஒரு தொல்லையும் இல்லை' என்று ஒரு வரி. எழுதியவர் ஒரு நாளாவது கடை நடத்தியிருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் பதினோரு வருடமாக இட்லி தோசைக் கடை நடத்துகிறேன். இப்போதெல்லாம் மாவு அரைப்பதைவிட வேலைக்குச் சேருபவரின் அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பத்தான் கை பழகியிருக்கிறது.

2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பேப்பர் இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால், முதல் தடவை 10 வேலை நாள் வரை கடையின் உரிமத்தை நிறுத்திவைக்கலாம். கண்காணிப்புக் காலத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் உரிமம் ஒரேயடியாகப் போகும். உங்கள் கட்டுரையாளரோ முதல் தடவையிலேயே கடைக்குப் பூட்டு போட்டுவிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் 5க்கு 3 என்று சட்டத்தை ஏற்றதையாவது சரியாக எழுதினாரே, சந்தோஷம்.

சரி, தொல்லைக்கு வருகிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் ஈ-வெரிஃபை என்ற மத்திய அரசின் இணையச் சரிபார்ப்பு முறையில் சரிபார்க்க வேண்டும். கல்லாவுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தேன். நம்மூர்ப் பெண், அமெரிக்கக் குடிமகள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், சோஷியல் செக்யூரிட்டி (அரசு கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு எண்) பதிவில் அப்பா பெயர். இயந்திரம் 'உறுதிப்படுத்த இயலவில்லை' என்றது. எட்டு வேலை நாளுக்குள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வரிசையில் நின்றாள். "குடியுரிமைச் சத்தியம் செய்து இரண்டு மாதம்கூட ஆகலை அண்ணா" என்று அவள் அழுததற்கு என்னிடம் பதில் இல்லை. இதே இயந்திரம், இன்னொருவரின் பெயரையும் எண்ணையும் அப்படியே இரவல் வாங்கி வருகிறவருக்கு நிம்மதியாகப் பச்சைக்கொடி காட்டும்.

அந்தத் 'தெரிந்தே' என்ற சொல் இருக்கிறதே, வசதியான சொல்! ஆள் எடுப்பதைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டால் பெரிய முதலாளிக்கு எதுவுமே தெரியாது. எங்கள் மாரிகோபா கவுண்டியின் காவல் தலைவராக (ஷெரிஃப்) அப்போது இருந்த ஜோ அர்பையோவின் ஆட்கள் கார் கழுவும் இடங்களில் புகுந்தபோது கைவிலங்கு விழுந்தது துடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு. சட்டத்தில் மாட்டிய முதலாளிகள் மிகச் சிலர்தான்.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1997 ஜூலையில் போலீசும் எல்லைக் காவலரும் சேர்ந்து ஐந்தே நாளில் 432 பேரைப் பிடித்தார்கள். தோலைப் பார்த்து, குடிமக்களையும் நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். நம் தோல் என்ன, பாலாடை நிறமா? அப்புறம், 'கள்ளக் குடியேறிகள்' என்று கூசாமல் அச்சிடுகிறீர்களே, உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் வீட்டுப் புல்வெளியை யார் வெட்டுகிறார்கள், கூலியை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இதைப் பற்றி முன்பே ஒரு கடிதம் எழுதினேன். இடமில்லை என்றீர்கள். அதே இதழில் நகைக்கடை விளம்பரம் நாலு பக்கம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த '10 நாள்' விஷயத்தை அடுத்த இதழில் ஒரு வரி திருத்தமாகப் போடுங்கள். என் பெயரைப் போட வேண்டாம், கடைக்குப் புகார் வரும். அப்படியும் போட்டே தீருவதென்றால் முதலெழுத்தோடு போடுங்கள். போன தடவை வேறொரு கடிதத்தில் அதை விழுங்கிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
சாண்ட்லர் வாசகர்,
அரிசோனா