கம்பைலர் வாய் திறக்காத பிழை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரே சி மொழி நிரலை, கம்பைலருக்கு (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கொடுக்கும் ஆப்ஷனை மட்டும் மாற்றி இரண்டு விதமாக உருவாக்குவது எப்படி என்று தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்த 'இஃப்டெஃப்' (#ifdef, ஒரு பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் நிரலின் அந்தப் பகுதியைச் சேர்க்கச் சொல்லும் கட்டளை) உதாரணத்தை மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும்.

யாங்கூனில் கடை ரசீது பிரிண்டர்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில் (எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் ரங்கூன்தான்). பர்மிய எழுத்துக்கு இங்கே பல காலம் ஸோஜி என்ற எழுத்துக் குறியீட்டு முறைதான் புழக்கத்தில் இருந்தது. 2019 அக்டோபர் 1 முதல், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு என்று அரசு அறிவித்தது. பழைய கணக்கையெல்லாம் ஸோஜியில் வைத்திருக்கும் கடைக்காரர் ஒரே நாளில் மாறிவிடுவாரா? இரண்டும் எழுத்துகளுக்கான குறியெண்களை ஒரே தொகுதியிலிருந்துதான் எடுக்கின்றன. சேமிக்கும் முறைதான் வேறு. தமிழ் 'கெ'யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. பர்மிய யூனிகோடிலும் அப்படியே. ஸோஜியிலோ கண்ணில் படுகிற வரிசையே சேமிக்கும் வரிசை. பிரிண்டரின் சின்ன நினைவகத்தில் இரண்டு எழுத்துருவுக்கும் இடமில்லை. ஆகவே பெயரை வரையறுக்கும் மைனஸ் பெரிய டி (-D) ஆப்ஷனில் ஸோஜி என்று கொடுத்தால் ஒரு பில்டு (கம்பைல் செய்து முடித்த நிரல்), கொடுக்காவிட்டால் இன்னொன்று.

வேறொரு நிறுவனம் எழுதி எங்கள் கைக்கு வந்த நிரலில், மேக்ஃபைலில் (கம்பைலருக்கான ஆப்ஷன்களை எழுதி வைக்கும் கோப்பு) அந்தப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. யாரும் பயன்படுத்தாத பெயரை வரையறுப்பது குற்றமில்லை. வரையறுக்காத பெயரைப் பற்றி இஃப்டெஃப் கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும், அவ்வளவுதான். ஸோஜிக்குப் பதில் யூனிகோடு பில்டு, ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. கடையில் ரசீதைக் கிழித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது.

இதற்கு வழி, இஃப்டெஃப்பை விட்டு வெறும் 'இஃப்' போட்டு, பெயருக்கு 1 அல்லது 0 என்று இரண்டு பில்டிலும் கட்டாயமாக மதிப்பு கொடுப்பது. அதுமட்டும் போதாது, வரையறுக்காத பெயரை இஃப் பேசாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஜிசிசி என்ற கம்பைலரில், வரையறுக்காத பெயரைச் சுட்டிக்காட்டும் 'டபிள்யூ அன்டெஃப்' (-Wundef) எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். பெயரிலேயே 'ஆல்' என்று இருக்கும் 'டபிள்யூ ஆல்' (-Wall) ஆப்ஷனில் இது அடங்காது! அந்த எச்சரிக்கையை எர்ரராக மாற்றிவிட்டால் பில்டு அங்கேயே நின்றுவிடும்.

வரி விகிதத்தையும் இப்படி ஆப்ஷனில் கொடுக்கலாம் என்று கட்டுரை சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே வணிக வரி பொதுவாக 5 சதவீதம். நாளைக்கு மாறினால் கடை கடையாகப் போய் பிரிண்டர் நிரலை மாற்றுவதா? அது நிரல் ஓடும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டிய விஷயம்.

அப்புறம், எந்தப் பகுதி உள்ளே போனது என்று சந்தேகம் வந்தால் மைனஸ் பெரிய இ (-E) ஆப்ஷனோடு ஓட்டி, முன்செயலி (கம்பைல் செய்வதற்கு முன் இஃப், இஃப்டெஃப் கட்டளைகளைக் கவனிக்கும் பகுதி) மிச்சம் வைத்ததைப் படித்துப் பார்க்கலாம். அடுத்த பகுதியில் இதையும் எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் படி எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ரசீது பிரிண்டர் நிரலாளர் ஒருவர்,
யாங்கூன்