'சூழ்ச்சி' என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க அதிபர் தேர்தல்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "2008-இல் பெரிய மாநிலங்களை எல்லாம் வென்றவர் ஹிலாரி, குட்டி மாநிலங்களைக் கொண்டு சூழ்ச்சியால் வேட்பாளர் ஆனவர் ஒபாமா." இதைப் படித்து மூன்று நாட்களாகிவிட்டன. இதழை மூடி வைத்தாலும் அந்த வரி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

நான் ஒபாமாவின் ஆள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2008-இல் டெக்சாஸில் நான் ஹிலாரி கிளின்டனுக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவள். குடியுரிமை பெற்று நான் போட்ட முதல் அதிபர் தேர்தல் ஓட்டு அவருக்குத்தான். அவர் தோற்ற அன்று அழுதேன். அப்படிப்பட்ட எனக்கே இந்த வரி பொறுக்கவில்லை.

பிரதிநிதிக் கணக்கு உங்களுக்குத் தெரியாததில்லை. ஹிலாரியும் ஒபாமாவும் மோதியது ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்ற உட்கட்சிப் போட்டியில். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாநாட்டுப் பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தை வென்றவருக்கு அந்த மாநிலம் முழுதாகப் போய்விடாது. 15 சதவீதமாவது வாங்கிய ஒவ்வொருவருக்கும் வாக்கு விகிதப்படி பங்கு உண்டு. அந்தப் பங்கும் பெரும்பாலும் வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கப்படுகிறது. நான்கு பிரதிநிதிகள் உள்ள வட்டாரத்தில் 60 சதவீதம் வாங்கினாலும் ஆளுக்கு இரண்டுதான். ஐந்து பேர் உள்ள வட்டாரத்திலோ 51 சதவீதமே மூன்றைக் கொடுத்துவிடும். எங்கே உழைத்தால் ஒரு பிரதிநிதி கூடுவார், எங்கே எவ்வளவு உழைத்தாலும் கூடமாட்டார் என்று பார்த்து ஆட்களையும் பணத்தையும் அனுப்பியது ஒபாமா அணி. படித்துத் தேர்வு எழுதியவனைக் காப்பியடித்தான் என்று சொல்வது நியாயமா?

2008 பிப்ரவரி 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் 11 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஹிலாரி பத்து சதவீத வித்தியாசத்தில் வென்றார், பிரதிநிதிகள் 59–48. லாபம் 11. அதே நாளில் ஐடஹோவில் காகஸுக்கு, அதாவது வாக்காளர்கள் நேரில் கூடி வேட்பாளரை ஆதரிக்கும் கட்சிக் கூட்டத்துக்கு, வந்தவர்கள் ஏறக்குறைய 21 ஆயிரம் பேர். ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. லாபம் 12. ஐடஹோவை யாரும் ஒபாமாவுக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் பாய்சி நகருக்கு நேரில் போய்க் கூட்டம் போட்டார். பொதுத் தேர்தலில் நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சிக்கே விழும் மாநிலம் என்று மற்றவர்கள் ஒதுக்கி வைத்த மாநிலம் அது. பிறகு ஏப்ரலில் பென்சில்வேனியா. ஆறு வாரம் நாங்கள் உயிரைக் கொடுத்து உழைத்து, ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்றோம். பிரதிநிதிகள் 85–73. அங்கே கிடைத்த லாபமும் அதே 12. அன்றிரவு இந்தக் கழித்தலைச் செய்து பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் யார் மேல் எரிய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

விதிகளையாவது ஒபாமா எழுதினாரா? வென்றவருக்கே எல்லாம் அல்லது கூடுதல் பங்கு என்ற முறைகளை ஒழிக்க வேண்டும் என்று 1988-இல் போராடியவர், அந்த ஆண்டு வேட்பாளர் போட்டியில் நின்ற ஜெஸ்ஸி ஜாக்சன். 1992 முதல் ஜனநாயகக் கட்சி முழுக்க விகித முறைக்கு வந்துவிட்டது. பில் கிளின்டன் வேட்பாளரானதும் அதே முறையில்தான். கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே தேர்தல் வைத்த புளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பிரதிநிதிகளைக் கட்சியின் விதிக் குழு பறித்தபோதும், அந்தக் குழுவில் உட்கார்ந்து அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் ஹிலாரியின் ஆலோசகர் ஹெரால்டு இக்கிஸும் ஒருவர். "பெரிய மாநிலங்களை எல்லாம்" என்கிறீர்களே, ஒபாமா வென்ற இல்லினாய், ஜார்ஜியா, வர்ஜீனியா, வட கரோலினா எல்லாம் எப்போது குட்டி மாநிலங்கள் ஆயின?

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மார்ச் 4, 2008. டெக்சாஸில் அப்போது பகலில் ஓட்டு, இரவில் காகஸ் என்று இரண்டு கட்டம். மாநிலத்தின் 193 பிரதிநிதிகளில் 126 பேர் பகல் ஓட்டின்படி, 67 பேர் இரவுக் கூட்டத்தின்படி. பகலில் ஓட்டுப் போட்டவர்கள் மட்டும், முத்திரை குத்திய வாக்காளர் அட்டையோடு இரவு ஏழேகால் மணிக்குத் திரும்பி வந்து, பெயரையும் ஆதரிக்கும் வேட்பாளரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். காலையில் என்னோடு ஓட்டுப் போட்ட நான்கு தோழிகளுக்கும் மாலையில் போன் செய்தேன். ஒருத்திக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். மற்ற இருவரும், "ஒரு தடவை போட்டாயிற்றே, இன்னும் எதற்கு?" என்று கேட்டுவிட்டார்கள். நான் மட்டும் போனேன்.

பள்ளியின் உணவுக்கூடத்தில் கூட்டம். வரிசை வாசலைத் தாண்டி வாகன நிறுத்தம் வரை நின்றது. ஒபாமா பக்கத்தில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், கையில் எங்கள் வட்டார வாக்காளர் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தாள். வராதவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள். உட்கார முடியாமல் தவித்த ஒரு பாட்டியம்மாவுக்கு நாற்காலி தேடிக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் நின்ற எங்களுக்கு விதிகூட ஒழுங்காகத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த கட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மணி பதினொன்றரை.

மாநிலம் முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஹிலாரி வென்றிருந்தார்; பகல் ஓட்டில் அவருக்கு 65, ஒபாமாவுக்கு 61. இரவுக் கூட்டத்தில் ஒபாமாவுக்கு 38, எங்களுக்கு 29. மொத்தத்தில் 99–94. மாநிலம் எங்களுக்கு, பிரதிநிதிகள் அவருக்கு. அந்த ஐந்து பேரை அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் நின்று சம்பாதித்தார்கள், ஐயா. அதை நீங்கள் சூழ்ச்சி என்று எழுதினால் அவளையும் அவமதிக்கிறீர்கள். நாங்கள் செய்யத் தவறியதையும் மறைத்துவிடுகிறீர்கள்.

அந்த முறை நியாயமானது என்று நான் வாதாடவில்லை. இரவுப் பணிக்குப் போகும் செவிலியரும் கைக்குழந்தைக்காரியும் வர முடியாத கூட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்குப் பிரதிநிதிகளைக் கொடுப்பது கொடுமை. அதை மாற்றச் சொல்லிப் பின்னர் கட்சிக் கூட்டங்களில் பேசியவர்களில் நானும் உண்டு. 2016 முதல் டெக்சாஸில் அந்த இரட்டை முறை இல்லை. விதி மோசமாக இருந்தது என்று எழுதுங்கள், நானே கைதட்டுகிறேன். விதிப்படி ஆடியவரை வஞ்சகர் ஆக்காதீர்கள்.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். 2016-இல் தென் கரோலினாவில் டிரம்ப் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஓட்டு வாங்கி 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டார். அங்கே குடியரசுக் கட்சியின் விதி வேறு, வென்றவருக்கே பிரதிநிதிகள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் 'மக்கள் அலை' என்று தலைப்பிட்டீர்கள். 2020-இல் பிரதிநிதிகளையும் நவம்பர் பொதுத் தேர்தலில் அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் குழு வாக்குகளையும் ஒன்றாகக் குழப்பி அட்டவணை போட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். பாதியை வெட்டி, கேள்வி இல்லாமல் பாராட்டை மட்டும் பிரசுரித்தீர்கள். 2024-இல் கமலா ஹாரிஸுக்காக அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் நடந்த பூஜைக்கு நான்கு பக்கம். எனக்கும் அந்த ஊர்க்காரர்களின் மகிழ்ச்சி மகிழ்ச்சிதான். ஆனால் 2019 டிசம்பரில் ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கும் முன்பே போட்டியிலிருந்து விலகியவர், 2024 ஜூலையில் பைடன் விலகியதும் பைடனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாலேயே எப்படி வேட்பாளர் ஆனார் என்பதற்கு அந்த நான்கு பக்கத்தில் நான்கு வரி இடம் கிடைக்கவில்லையே. என் மாமனார் மன்னார்குடியிலிருந்து போன் செய்து, "அதெப்படியம்மா தேர்தலே நடத்தாமல் நிறுத்தினார்கள்?" என்று கேட்டார். உங்கள் பத்திரிகையை நாற்பது ஆண்டுகளாக வாங்குபவர் அவர். பதில் சொல்ல வேண்டியது நானா, நீங்களா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'சூழ்ச்சியால்' என்பதை எடுத்துவிட்டு 'பிரதிநிதிக் கணக்கை முன்கூட்டியே புரிந்துகொண்டதால்' என்று மாற்றினால் போதும். இடம் இருந்தால் நியூ ஜெர்சி, ஐடஹோ எண்களை ஒரு பெட்டிச் செய்தியாகத் தாருங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் வேண்டும் என்றால் நான் அழுததையும் மன்னார்குடியையும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்களில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
ஹூஸ்டன், டெக்சாஸ்.